‘இங்கே டாக்டர் யாராவது இருக்கீங்களா?’

1995 மே மாதம். ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தில் 39 வயதுப் பெண் ஒருவர் கை வலிக்கிறது என்றார். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து விமானம் ஏறிவிட்டார். ‘பயணிகளில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று அறிவிப்பு வந்ததும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ். இன்னொருவர் டாம் வாங் என்ற இளம் மருத்துவர். கையைப் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டு இருவரும் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, காலணியைக் கழற்றக் குனிந்தவருக்கு நெஞ்சு வலித்தது, மூச்சு முட்டியது. விழுந்ததில் விலா எலும்பும் முறிந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி நுரையீரலையே அமுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை உடனே வெளியேற்றியாக வேண்டும். அடுத்த விமான நிலையம் வரும்வரை பொறுக்க நேரமில்லை.

ஆஸ்பத்திரியாக இருந்தால் நெஞ்சில் ஒரு குழாயைச் செருகி முடித்துவிடுவார்கள். விமானத்தின் மருந்துப் பெட்டியில் மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து இருந்தது. குழாய் என்று இருந்தது சிறுநீர் வெளியேற்றப் பயன்படும் ரப்பர் குழாய் மட்டும். அது நெஞ்சுச் சதைக்குள் நுழையாமல் துவளும். சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி அந்தக் குழாய்க்குள் செருகி விறைப்பாக்கினார்கள். கிருமி நீக்கக் கிடைத்தது பயணிகளுக்குப் பரிமாறும் பிராந்தி. வாலஸ் நெஞ்சில் கீறல் போட, சாப்பாட்டுக் கத்தியாலும் முள்கரண்டியாலும் அந்தக் கீறலை விரித்துப் பிடித்துக்கொண்டார் வாங். குழாயின் மறுமுனையை, மூடியில் ஓட்டை போட்ட ஒரு மினரல் வாட்டர் பாட்டிலின் தண்ணீருக்குள் விட்டார்கள். காற்று குமிழியிட்டு வெளியேறும். திரும்ப உள்ளே போகாது. எல்லாம் சுமார் பத்து நிமிடம். மீதிப் பயணத்தில் அந்தப் பெண் சாப்பிட்டார், படம் பார்த்தார்.

முப்பது ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்பட்டுவரும் கதை இது. டாக்டர்களின் சமயோசிதத்துக்கு உதாரணமாகவே இதைச் சொல்வார்கள். அதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே இருந்தது ஒரு டாக்டர் அல்ல, இரண்டு பேர். கேட்டதை ஓடிப்போய் எடுத்து வந்த பணியாளர்கள் இருந்தார்கள். அரைகுறையாக என்றாலும் ஒரு மருந்துப் பெட்டி இருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கலாம். டியூட்டியில் இல்லாத நேரத்தில், தெரியாத ஒருவருக்காக ஒரு டாக்டர் நின்றால் என்ன நடக்கும் என்பது அவருடைய மனதை மட்டும் பொறுத்ததல்ல. அவர் கையில் என்ன கிடைக்கிறது, சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது.

ஊட்டி உயரத்தில் ஒரு கிளினிக்

விமானத்தில் இப்படி ஒரு அழைப்பு வருவது எவ்வளவு சகஜம்? ஐந்து விமான நிறுவனங்களில் 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை பதிவான 11,920 மருத்துவ அவசரங்களை அலசிய ஆய்வு ஒன்று 2013-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. 604 விமானங்களுக்கு ஒன்றில் ஏதோ ஒரு மருத்துவ அவசரம் வந்திருக்கிறது. அவற்றில் 48 சதவீதத்தில் பயணியாக வந்த ஒரு டாக்டர் உதவியிருக்கிறார். மூன்றில் ஒன்றுக்கும் மேல் மயக்கம் அல்லது மயக்கம் வருவதுபோன்ற தலைசுற்றல். அதற்கு அடுத்த இடங்களில் மூச்சுக் கோளாறும் வாந்தியும். உயிரிழப்பு 0.3 சதவீதம்தான்.

ஆக, பெரும்பாலான அழைப்புகள் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தண்ணீரோ ஆக்சிஜனோ கொடுத்தால் சரியாகிவிடுபவை. எழுந்து போகும் டாக்டருக்கு அது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பதுபோல. ஆரோக்கியமானவர்களுக்கு அது தெரியாது. நுரையீரலோ இதயமோ ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. ரத்த அழுத்தம் பார்க்க, பட்டையைக் கட்டிக் காற்றடித்துவிட்டு, மணிக்கட்டில் நாடித்துடிப்பு எப்போது திரும்புகிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். மேல் எண் கிடைக்கும். கீழ் எண் கிடைக்காது.

2022 ஜூலையில் டெல்லியிலிருந்து ஐதராபாத் போன இண்டிகோ விமானத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நள்ளிரவு நேரம். ஒரு ஐ.பி.எஸ். அதிகாரிக்கு உடல்நிலை மோசமானது. டாக்டர் உண்டா என்ற கேள்விக்கு எழுந்து வந்தவர் அப்போது தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன். அவர் மகப்பேறு மருத்துவர். நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்த அந்தப் பயணிக்கு முதலுதவி செய்து தேற்றினார். ஐதராபாத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வந்திருப்பது டெங்கு, ரத்தத் தட்டணுக்கள் 14,000-க்கு இறங்கிவிட்டன என்பது தெரிந்தது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதை வானத்தில் எந்த நிபுணராலும் சொல்லியிருக்க முடியாது. பயணிகளில் டாக்டர்கள் யார் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையை அவர் அப்போது முன்வைத்தார். ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. டாக்டர்கள் முன்னரே பதிவு செய்துகொள்ளலாம். எந்த இருக்கையில் யார் இருக்கிறார் என்பது பணியாளர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, 2023 ஜனவரியில் செய்தியானது. பிரிட்டனின் பர்மிங்காமில் பணிபுரியும் இந்திய வம்சாவளிக் கல்லீரல் நிபுணர் ஒருவர் தன் தாயுடன் ஏர் இந்தியா விமானத்தில் பெங்களூரு வந்துகொண்டிருந்தார். 43 வயதுப் பயணி ஒருவர் இதயத்துடிப்பு நின்று சரிந்தார். சுமார் ஒரு மணி நேரம் போராடி அவரை மீட்ட பிறகு, இரண்டாவது முறையும் துடிப்பு நின்றது. விமானத்தில் இருந்த கருவிகள் போதாதபோது அந்த டாக்டர் செய்த காரியம் எளிமையானது: மற்ற பயணிகளிடம் கேட்டார். ஒருவர் கைப்பையிலிருந்து ரத்த அழுத்தக் கருவி வந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, இதயத்துடிப்பு பார்க்கும் கருவி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஐந்து மணி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து, மும்பையில் இறங்கி மருத்துவக் குழுவிடம் ஒப்படைத்தார். சர்க்கரை வியாதிக்காரர்களும் பி.பி. உள்ளவர்களும் நிறைந்த நம் விமானங்களில் பாதி ஆஸ்பத்திரி பயணிகளின் பைகளிலேயே இருக்கிறது.

விமானத்தை வழியில் இறக்குவதா, வேண்டாமா என்ற முடிவு டாக்டருடையது அல்ல. அவர் சொல்லலாம், முடிவெடுப்பவர் விமானி. தரையில் அரிசோனா, பிட்ஸ்பர்க் போன்ற இடங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் விமானங்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களோடு பேசித்தான் விமானிகள் முடிவெடுக்கிறார்கள். எலும்பு டாக்டரோ தோல் டாக்டரோ மாரடைப்பு நோயாளியின் முன்னால் தனியாக விடப்படுவதில்லை என்பதற்கான ஏற்பாடு இது.

2023 ஆகஸ்ட் 27-ஆம் தேதி பெங்களூருவிலிருந்து டெல்லி கிளம்பிய விஸ்தாரா விமானத்தில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு சிறு குழந்தை மூச்சு நின்று நீலம் பாரித்தது. மாநாடு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஐந்து டாக்டர்கள் ஓடிவந்தார்கள். பெரும்பாலோர் கதிரியக்கத் துறையினர். ஒருவர் மயக்க மருந்து நிபுணர், ஒருவர் மகப்பேறு டாக்டர். குழந்தை மருத்துவர் யாரும் இல்லை. ஆனாலும் நெஞ்சை அழுத்தி, அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடி ஊசிக்குழாய் ஏற்றி, இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் ஏ.இ.டி. கருவியையும் பயன்படுத்தி 45 நிமிடம் போராடினார்கள். விமானம் நாக்பூரில் இறங்கியபோது குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. செய்தி நாடெங்கும் பரவியது. சில நாட்கள் கழித்து நாக்பூர் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. நின்று உதவும் டாக்டர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுசேர்ப்பது ஒரு கட்டம். அதற்குப் பிறகு நடப்பது வேறு.

மண்டபத்திலும் நெடுஞ்சாலையிலும்

கல்யாண மண்டபத்தில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது என்று வையுங்கள். உறவுக்கார டாக்டர் பந்தியிலிருந்து எழுந்து வருவதற்குள் யாராவது ஒரு சாவிக்கொத்தை வலிப்பு வந்தவர் கையில் திணித்திருப்பார். இன்னொருவர் வாய்க்குள் ஸ்பூனை வைக்கப் பார்ப்பார். முகத்தில் தண்ணீர் தெளிப்பவர் தெளித்துக்கொண்டிருப்பார். டாக்டரின் முதல் வேலை சிகிச்சை அல்ல, கூட்டத்தை விலக்குவது. பிறகு நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, தலையில் அடிபடாமல் துணி வைப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் 108. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவி கொடுத்த நேரமும் நின்ற நேரமும் பொருந்திப்போவதால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது.

சாலை விபத்தில் நிலைமை இன்னும் மோசம். அடிபட்டுக் கிடப்பவரைக் கை ஒருவர், கால் ஒருவர் என்று தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதும், வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவதும் நம் ஊர் வழக்கம். இரண்டுமே நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை, இரண்டுமே ஆபத்தானவை. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் அறுபடலாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

விபத்து இடத்தில் நிற்கும் டாக்டர் முதலில் தன் வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டி, நான்கு பக்கமும் விளக்கு மின்னவிட்டு, பின்னால் வரும் லாரிகள் பார்க்கும்படி யாரையாவது நிறுத்துவார். பிறகுதான் அடிபட்டவர் பக்கம் போவார். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பார். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் இரண்டு பக்கமும் விரித்து மெதுவாக மேலே இழுப்பார். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் கை தளர்ந்துவிடும். மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும். இதில் எதற்கும் எம்.பி.பி.எஸ். தேவையில்லை. டாக்டர் செய்வது பெரும்பாலும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்வதும், எதைச் செய்யக் கூடாது என்று தடுப்பதும்தான்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இத்தனை விபத்துகளில் ஏதோ ஒரு டாக்டர் அந்த வழியே போயிருக்க மாட்டாரா? போயிருப்பார். நின்றாரா என்பதுதான் கேள்வி.

நிற்காமல் போவது குற்றமா?

ஜெர்மனியில் குற்றம். விபத்திலோ ஆபத்திலோ இருப்பவருக்குத் தன்னால் முடிந்த உதவியைச் செய்யாமல் போனால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். டாக்டருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். பிரான்சில் இன்னும் கடுமை: ஐந்தாண்டுகள் வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. கட்டாயப்படுத்துவதைவிடப் பயத்தைப் போக்குவது முக்கியம் என்று நினைத்தது. 1959-ல் கலிஃபோர்னியாதான் முதலில், வழியில் நின்று உதவும் டாக்டர்மீது வழக்குப் போட முடியாது என்று சட்டம் செய்தது. பிறகு எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அதைப் பின்பற்றின. 1998-ல் விமானப் பயணத்துக்கும் தனிச்சட்டம் வந்தது. மிக மோசமான அலட்சியமாகவோ வேண்டுமென்றே செய்த தவறாகவோ இருந்தாலொழிய, உதவிய டாக்டர் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் நடுவே ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு. 2002-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபோர்ன் அருகே, இருட்டிய நேரத்தில், கதிரியக்க டாக்டர் ஒருவரின் காரோடு மோதுவதுபோல் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. அவர் இறங்கிப் பார்க்கவில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார். கையில் செல்போன் இல்லை, டார்ச் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, அதிர்ச்சியில் இருந்தார். டாக்டராக இருந்துகொண்டு நிற்காமல் போனது தொழில் ஒழுக்கத்துக்கு முரணானது என்று 2013-ல் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இருட்டில், கையில் ஒன்றுமில்லாமல், போலீசிடம் போனதே சரியான உதவியாக இருக்கலாம் அல்லவா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு இடம் கொடுத்தது.

குதிரையிலிருந்து விழுந்தவர்

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், யாருக்குச் சிகிச்சை தருவது என்பது டாக்டரின் விருப்பம் என்கின்றன. அவசர நேரத்தில் உதவி கேட்டால் மட்டும் முகம் திருப்பக் கூடாது. ஆனால் நடைமுறையில் டாக்டர்களைத் தயங்கவைத்தது வேறு. அடிபட்டவரைத் தொட்டால் எம்.எல்.சி. எனப்படும் மருத்துவ-சட்ட கேஸ், போலீஸ் விசாரணை, வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைச்சல். ‘ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க’ என்று தனியார் ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியதன் காரணமும் அதுவே.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு ஸ்கூட்டர்காரர் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. பயம் மட்டும் போகவில்லை. சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அமைப்பு 2013-ல் நடத்திய ஆய்வில் நான்கில் மூன்று பேர் விபத்தில் உதவத் தயங்குவதாகச் சொன்னார்கள். அவர்களில் 88 சதவீதத்தினர் சொன்ன காரணம் போலீஸும் கோர்ட்டும்.

அந்த அமைப்பு தொடர்ந்த வழக்கில், உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களை 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. பிரதிபலன் எதிர்பாராமல் விபத்து இடத்தில் உதவுபவர் செய்த முயற்சியில் தவறு நேர்ந்து அடிபட்டவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டாலும், அவர்மீது சிவில் வழக்கோ குற்றவியல் வழக்கோ கிடையாது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியையும் எடுத்துவிட்டது.

இவ்வளவும் சாலை விபத்துக்கு. கல்யாண மண்டபத்தில் மாரடைப்பு வந்தால்? ரயில் பெட்டியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால்? 134ஏ பிரிவு அங்கே வராது; அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே. அங்கே டாக்டருக்குத் துணையாக இருப்பவை பழைய ஏற்பாடுகள். 1995-ல் உச்ச நீதிமன்றம், யாரிடமும் கட்டணம் வாங்காமல் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று சொல்லியிருக்கிறது. 2005-ல், மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர்மீது குற்ற வழக்கு என்றது. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்து கிடக்கிறார் ஒருவர். மண்டையோட்டில் துளையிட்டால்தான் பிழைப்பார் என்று ஒரு அறுவை சிகிச்சை டாக்டருக்குத் தெரிகிறது. சம்மதம் கேட்க வழியில்லை; அவர் நன்மைக்காகத் துளையிடுகிறார். அது குற்றமல்ல என்று மெக்காலே காலத்தில் தொடங்கிய அந்தச் சட்டமே உதாரணம் கொடுத்துச் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவிலும் அந்தக் குதிரைக்காரர் அப்படியே இருக்கிறார்.

டியூட்டியில் இல்லாத டாக்டரை 160 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்த சட்டம்தான். ஆனால் அது, வழக்கு வந்த பிறகு தப்பிக்க உதவும் வாதம். வழக்கே வராது என்ற உறுதி அல்ல. வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்பதை அது தடுக்காது. அந்த உறுதியைத் தேடித்தான் கர்நாடகம் 2016-ல், உதவும் பொதுமக்களையும் மருத்துவத் துறையினரையும் அவசர நேரங்களில் காப்பதற்கென்றே ஒரு தனிச்சட்டம் இயற்றி, 2018-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. விபத்து எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலத்துக்கு முன்மாதிரி ஓசூர் எல்லையைத் தாண்டியதுமே இருக்கிறது.